தண்ணீருக்கு முதுகு காட்டிய நாற்காலி

அந்த நீச்சல் குளத்தில் மிதப்பதற்கு ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. தலைமுடி கொத்துக் கொத்தாக மிதக்கும். யாரோ ஒருவரின் குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி, ரத்தக்கறையும் அதுவுமாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நிம்மதியாகப் பயணம் போகும். காலையில் வருகிற பெரிய மனிதர்கள் வாய் நிறையத் தண்ணீரை மொண்டு, தொண்டைவரை அனுப்பிக் கொளகொளவென்று கொப்பளித்து, அதே குளத்தில் துப்புவார்கள். சிலர் ஆழமில்லாத பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தபடி, முகத்தில் ஓர் அமைதி படர, கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பார்கள். அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் நைசாக நகர்ந்துகொள்வது நல்லது. இதையெல்லாம் பற்றி இன்றுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. குளத்தின் சுகாதாரத்துக்குப் பெரிய ஆபத்து என்று முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு பெண்ணின் முழுக்கைச் சட்டைதான்.

அந்தப் பெண் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தக்கபடி சட்டத்தைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். வாய் ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசுவதால் குருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன ஒரு பூங்காவில் குருவி குட்டைக்குள் வழுக்கி விழுந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. தலைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் வீட்டை இரண்டாக்குவாள்.

"பயத்தை இப்படியே வளர விட்டுடாதீங்க," என்றார் குழந்தை டாக்டர். "நீங்களே கூட இறங்கிக் கையைப் பிடிச்சுக்கோங்க. அம்மா கை இருந்தா தானா வரும்."

அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். வாரத்தில் ஒருநாள் வந்து தூங்குவதோடு சரி. அதனால் குளத்துக்கு அம்மாதான் போனாள். விளையாட்டுச் சாமான் கடையில் நீச்சலுக்கென்றே விற்கிற உடையை வாங்கினாள். மணிக்கட்டுவரை கை, கணுக்கால்வரை கால், மேலே தொடைவரை தொங்கும் சட்டை, தலைக்கு ஒரு குல்லாய். போட்டுப் பார்த்தபோது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் நாள் குருவி படியில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரம் கால்விரலை நனைத்தாள். அப்புறம் முழங்கால். ஒருநாள் தானாகவே மோவாயைத் தண்ணீரில் வைத்து, உஃப் என்று ஊதி, குமிழி குமிழியாகக் கிளப்பிவிட்டு, "அம்மா, நான் தண்ணியைக் கொதிக்க வெக்கறேன்!" என்று கத்தினாள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, முகம் ஏற்கனவே நனைந்திருந்தது.

அந்த வாரம்தான் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

மேலாளர் அறையில் குளோரின் நெடியும் காயாத துண்டின் முடைநாற்றமும் சரிபாதியாக இருந்தன. அவர் மேசைமேல் ஒரு புகார்க் கடிதம். பெயர் போடாமல் ஒரு கண்ணியமான உறுப்பினர் எழுதியது. மேலாளர் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"'அந்தப் பெண்ணின் உடையைப் பார்த்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சங்கடம் குறைகிறதா என்று பார்ப்பதற்காக, அவள் உள்ளே வருவது முதல் வெளியே போவதுவரை, கண்ணை எடுக்காமல் பல வாரங்களாகப் பார்த்து வருகிறேன். குறையவில்லை.'"

"அப்ப பார்க்க வேணாம்னு சொல்லிடுங்க சார்," என்றாள் அவள்.

"அதெப்படிம்மா சொல்ல முடியும்? அவர் சந்தா கட்டற உறுப்பினர். பார்க்கறது அவர் உரிமை." மேலாளர் ஒரு படிவத்தை இழுத்தார். "இந்த மாதிரி உடை போடறதுக்குக் காரணம் எழுதணும். மூணு கட்டம் இருக்கு. மதமா, வியாதியா, வீட்டுக்காரர் கட்டாயமா?"

"ஒண்ணும் இல்ல சார். எனக்கு இது வசதியா இருக்கு."

மேலாளர் பேனாவை அந்தரத்தில் நிறுத்தினார். "வசதிக்குக் கட்டம் இல்லையேம்மா."

"நான் என்ன சார் பண்ணட்டும்?"

"தீக்காயம்னு போட்டுக்கட்டுமா? சின்னதா?"

"எனக்குத் தீக்காயமே இல்லையே."

"இருந்திருந்தா உங்களுக்குத்தான் சௌகரியம்," என்று மேலாளர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

காரணம் கிடைக்காததால் விஷயம் சுகாதாரத்துக்குப் போனது. இந்த உடை குளத்துத் தண்ணீரை உறிஞ்சி வெளியே கொண்டுபோகிறது என்று மேலாளருக்குத் தோன்றியது. ஆகவே அவள் கரையேறியதும் படிக்கருகே நின்று, கையையும் காலையும் ஒரு வாளியில் பிழிந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாளியில் கோடு போட்டிருந்தார்கள். மேலாளரே குனிந்து எந்தக் கோடு என்று பார்ப்பார். பார்த்துவிட்டு, பொதுச்சொத்து வீணாகக் கூடாதென்று வாளியைக் குளத்திலேயே கவிழ்ப்பார்.

அந்த வாளி கழிப்பறை கழுவுகிற வாளி. அதன் காதிலேயே சிவப்பு மையில் அப்படி எழுதியிருந்தது. அதை முதல்நாள் பார்த்ததும் அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சார், இது டாய்லெட் வாளி சார்."

"கழுவித்தான் வெச்சிருக்கோம்," என்றார் மேலாளர்.

"எதுல கழுவினீங்க?"

அவர் குளத்தைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர், ஜேபியில் சாவிக்கொத்தும் சில்லறையும் குலுங்க, முழங்கால் தாண்டித் தொங்கும் பருத்திக் கால்சட்டையோடு கரையேறி, வழிநெடுகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு போனார். அவள் மேலாளரைப் பார்த்தாள். "அது ஆண்கள் உடைம்மா," என்றார் மேலாளர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பிழிந்தாள். குருவிக்காகத்தான். குருவி அப்போது முகத்தை முழுசாக முக்கி, கண்ணைத் திறந்து, அம்மாவின் கால்விரலை எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் கையை விட்டுவிடுவாள். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போய்விட்டது.

குழு கூடிய அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் துண்டைப் போர்த்திக்கொண்டு இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்காரி, நீச்சல் போட்டிகளுக்குப் போகிறவள்.

"உன்னை எதுக்கும்மா கூப்பிட்டாங்க?"

"என் டிரஸ் கம்மியாம்க்கா. போட்டிக்குப் போடற டிரஸ்தான். தொடை தெரியுதாம். உங்களை?"

"என்னுது ஜாஸ்தியாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்து மணி அடித்து, இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே குழுவினர் மூன்று பேர், ஓரத்தில் குறிப்பெடுக்க மேலாளர். நடுவில் தலைவர். வலப்பக்கம், பார்க்கிற பெண்களுக்கெல்லாம் விடுதலை வாங்கித் தருவதால் விடுதலை அம்மையார் என்று பெயர் வாங்கியவர். இடப்பக்கம், ஒழுக்கத்தைப் பற்றியே பேசுவதால் எல்லோரும் கண்ணியம் என்று கூப்பிடுகிற மனிதர்.

விடுதலை அம்மையார் எழுந்து வந்து குருவியின் அம்மாவுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதே. உன்னை விடுவிக்கத்தான் நாங்க இருக்கோம். நாங்க சொல்ற டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டா அந்த நிமிஷமே நீ சுதந்திரமானவ."

"நான் இப்பவே சுதந்திரமாத்தான் இருக்கேன் மேடம். இதை நானேதான் கடைக்குப் போய் வாங்கினேன்."

"பாத்தீங்களா! அப்படி நினைக்க வெச்சிருக்காங்க!" என்று அம்மையார் குழுவைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ பேசாதே. உனக்காக நான் பேசறேன்."

கண்ணியம் தொண்டையைச் செருமினார். "நான் இந்தம்மாவுக்கு எதிரி இல்லை. மூடிக்கிட்டு வர்றது நல்ல விஷயம். ஆனா நனைஞ்சா ஒட்டுது. முன்பக்கம் ஒரு மாதிரி ஒட்டுது, பின்பக்கம் வேற மாதிரி. படியேறும்போது ரொம்ப. சாதாரணமா பார்த்தா தெரியாது. மூணாவது தூணுக்குப் பின்னாடி கொஞ்சம் குனிஞ்சு நின்னாத்தான் தெளிவா தெரியும்." பிறகு கல்லூரிக்காரியைக் காட்டினார். "இந்தப் பொண்ணு விஷயத்துல தூணே தேவையில்லை."

கல்லூரிக்காரி துண்டை இறுக்கிக்கொண்டாள். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. மேலாளர் 'மூன்றாவது தூண்' என்று குறித்துக்கொண்டார்.

கடைசியில் தலைவர் எழுந்தார். கிட்டப்பார்வைக்காரர், கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. அதை நேராக்கிவிட அவள் விரல்கள் தொழில் பழக்கத்தில் துறுதுறுத்தன.

"பெண்கள் என்ன உடுத்துகிறார்கள் என்பதில் இந்த நிர்வாகம் தலையிடாது. என்ன உடுத்த வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்லும். நம் குளத்தில் இதுவரை ஒருவரும் மூழ்கியதில்லை. ஆனால் உடைப் புகார் வாராவாரம் வருகிறது. அப்படியிருக்க உயிர்காப்பாளர் நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். ஆபத்து எங்கேயோ கண் அங்கே! அவருடைய நாற்காலி இன்றுமுதல் பெண்கள் உடை மாற்றும் அறையின் வாசலைப் பார்த்துத் திருப்பப்படும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்ப தண்ணியை யார் சார் பார்ப்பாங்க?"

தலைவர் சிறு பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணி எங்கேயும் போயிடாதும்மா."

உடைகள் அளக்கப்பட்டு, முத்திரை குத்தப்படும்வரை இரண்டு பெண்களும் குளத்தில் இறங்கக் கூடாது என்று தீர்மானமானது. உயிர்காப்பாளரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று மாலையே விசில் தன் சக்கரம் வைத்த உயர நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கதவையே கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கத் தொடங்கினான்.

அளக்கும் நாள் தள்ளிக்கொண்டே போனது. முதலில் அளவு நாடா இல்லை என்றார்கள். நாடா வந்தபோது முத்திரை இல்லை. குறைந்தது எவ்வளவு துணி, அதிகம் போனால் எவ்வளவு என்பதில் அம்மையாருக்கும் கண்ணியத்துக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து எழுதியபோது, குறைந்தபட்சம் அதிகபட்சத்தைவிட அதிகமாக இருந்தது. அதைச் சரிபார்க்க ஒரு துணைக்குழு போட்டார்கள்.

இந்தப் பக்கம் வீட்டில் குருவி பழையபடி ஆகிவிட்டாள். ஒருநாள் தலைக்கு ஊற்றப்போன அம்மாவின் கையைக் கடித்தே விட்டாள். அப்புறம் கடித்த இடத்தைத் தடவிக்கொடுத்து, "அம்மா, நான் இனிமே கொதிக்க வெக்க மாட்டேனா?" என்று கேட்டாள். அன்றிரவு லாரியிலிருந்து பேசிய கணவனிடம் அவள் வெடித்துவிட்டாள்.

"அருவருப்பா இருக்குங்க. தேள் கொட்டின மாதிரி உடம்பெல்லாம் கடுக்குது. போட்டிருக்கற துணியைத் தாண்டி எதையெதையோ பார்க்கறாங்க. ஒரு ஆளாவது என் முகத்தைப் பார்த்துப் பேசினதில்ல."

"விட்டுத் தொலை. வேற குளம் பார்ப்போம்."

"வேற குளம் எங்க இருக்கு? பொண்ணு கெஞ்சறா. முத்திரையோ மண்ணாங்கட்டியோ, குத்தித் தொலைக்கட்டும். அவ ஒருதடவை கையை விட்டு நீந்திட்டா போதும்."

கடைசியில் நாள் குறித்தார்கள். 'இன்னிக்கு இறங்கலாம்' என்று சொல்லித்தான் குருவியைக் கூட்டிப் போனாள். குருவி வீட்டிலேயே நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் மிதவைப் பலகையை மார்போடு அணைத்தபடி வந்தாள்.

குளக்கரை கல்யாண மண்டபம்போல் இருந்தது. நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எல்லாம் அளவெடுப்பைப் பார்க்க வசதியாக, குளத்துக்கு முதுகு காட்டி. தண்ணீரில் இருந்த உறுப்பினர்கள் கூடக் கரையேறி, துண்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். சொட்டச் சொட்ட வயிறுகள். மூன்றாவது தூணுக்குப் பின்னால் நிற்க ஒரு சின்ன வரிசையே இருந்தது.

"இங்கயே மேல்படியில உட்காரு கண்ணு," என்றாள் அம்மா. "அம்மா இதோ வந்துடறேன். அப்புறம் சேர்ந்து கொதிக்க வெக்கலாம்."

அவளைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி இரண்டு கையையும் விரிக்கச் சொன்னார்கள். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றாள். பக்கத்தில் கல்லூரிக்காரி, அதேபோல் கையை விரித்துக்கொண்டு. கண்ணியம் நாடாவை எடுத்துக்கொண்டு நெருங்கினார். அவர் மூச்சில் காலைச் சாப்பாட்டின் வாசம் அடித்தது. விடுதலை அம்மையார், பெண்ணுக்குப் பெண் துணையாக, நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். விசில் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். மேலாளர் வாளியோடு தயாராக நின்றார்.

"அம்மா, பாரு..." என்று எங்கோ கீச்சென்று கேட்டது.

"திரும்பாதேம்மா," என்றார் கண்ணியம். "அளவு தப்பிடும்."

அவள் திரும்பினாள். படி காலியாக இருந்தது. மிதவைப் பலகை மட்டும் தண்ணீரில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது அவளுக்கு. கண்ணியத்தைத் தள்ளியது தெரியாது. முன்வரிசையில் யார் மடிமேல் கால் வைத்தாள் என்பதும் தெரியாது. கழுத்தில் சுற்றிய நாடாவோடு பாய்ந்தாள். மறுபக்கத்திலிருந்து கல்லூரிக்காரி பாய்ந்தாள். பாசி படிந்த கடைசிப் படிக்கும் கீழே, கண்ணை அகலத் திறந்தபடி கிடந்த குருவியை இரண்டு பேருமாக அள்ளி மேலே தூக்கினார்கள்.

கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள் கல்லூரிக்காரி. ஒன்றும் வரவில்லை. இன்னும் தட்டினாள். குருவி ஒரு தரம் உடம்பைக் குலுக்கி, வாய் வழியும் மூக்கு வழியுமாகக் குடித்ததெல்லாம் கக்கினாள். மேலாளர் பழக்கதோஷத்தில் வாளியை நீட்டிவிட்டார். முழுதும் அதில்தான் விழுந்தது. அப்புறம் குருவி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் விசில் முதன்முறையாக விசிலை ஊதினான்.

"முத்திரை குத்தாம ரெண்டு பேரும் தண்ணியில இறங்கிட்டாங்க சார்!"

கூட்டம் முணுமுணுத்தது. தலைவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"வருந்தத்தக்க சம்பவம். இதற்குக் காரணம் இந்த உடைதான் என்பதை இப்போதாவது எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த உடை இல்லையென்றால் நாம் யாரும் இந்தப் பக்கம் பார்த்திருக்க மாட்டோம். இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்திருந்தால் குழந்தையைப் பார்த்திருப்போம்."

"நான் அன்னிக்கே சொன்னேன், ஆபத்தான டிரஸ்னு," என்றார் விடுதலை அம்மையார்.

"பாய்ஞ்சப்ப ரொம்பவே ஒட்டுச்சு," என்றார் கண்ணியம்.

அவள் எழுந்தாள். குருவியைக் கல்லூரிக்காரியின் மடியில் விட்டுவிட்டு நேராக உயர நாற்காலிக்குப் போனாள். இரண்டு கையாலும் அதன் காலைப் பிடித்து இழுத்தாள். சக்கரம் கிறீச்சிட்டது. மேலே இருந்த விசில், "ஏய், ஏய், விழுந்துடுவேன், விடும்மா!" என்று கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அலறினான். அவள் விடவில்லை. முழுசாகத் திருப்பி, தண்ணீருக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அது நிர்வாகத்தோட சொத்து!" என்று கத்தினார் மேலாளர்.

"தூ!" என்றாள் அவள். குழந்தை பெற்ற நாளிலிருந்து இப்படி யாரையும் சொன்னதில்லை. "நீங்கள்லாம் மனுஷங்களாய்யா? ஒரு புள்ளை மூழ்கிட்டிருக்கு, உங்களுக்கு என் தோள்பட்டை எத்தனை அங்குலம்னு பார்க்கணுமா? உங்க கண்ணுக்கு நான் தினமும் கடையில கண்ணாடி மாட்டி விடறேனே, எதுக்கு? இதைப் பார்க்கவா?"

தலைவர் வழுக்கிய கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். "பதிவு செய்துகொள்ளுங்கள். உறுப்பினர் உரத்த குரலில் பேசினார்," என்றார்.

அவள் குருவியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கல்லூரிக்காரியும் துண்டை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். வாசல்வரை குருவி தோளிலேயே சாய்ந்து கிடந்தாள். அப்புறம் அம்மாவின் காதருகே மெதுவாகக் கேட்டாள்.

"இவ்வளவு பேரும் உன்னையே பார்த்துட்டு இருந்தாங்களே அம்மா. நான் கூப்பிட்டது ஒருத்தருக்குக் கூடக் கேக்கலையா?"

 அம்மா மகளின் ஈரத்தலையில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எங்க ஊர்ப் பக்கம் ஆறு இருக்குக்கா," என்றாள் கல்லூரிக்காரி. "முழங்கால் தண்ணிதான், அடியில மணல் தெரியும். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு கை பிடிச்சுக்கலாம்."

குருவி தலையைத் தூக்கினாள். "அங்க நாற்காலி இருக்குமா?"

"இருக்காது."

குருவி தன் கால்விரல்களைப் பார்த்தாள். "அப்ப கால் மட்டும் வெக்கறேன்," என்றாள்.

அவர்கள் போனபின், உள்ளே மேலாளர் வாளிக்குள் குனிந்து எந்தக் கோடுவரை இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு பொதுச்சொத்து வீணாகக் கூடாதென்று, குழந்தை கக்கியதைக் குளத்தில் கவிழ்த்தார். அளவெடுப்பு நின்றுபோன ஏமாற்றத்தோடு உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். சாவிக்கொத்துப் பெரியவர் முதல் படியில் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை மொண்டு, வாய் நிறைய வாங்கி, தலையை அண்ணாந்து கொளகொளவென்று கொப்பளித்தார்.